கைக்கு எட்டாத லினக்ஸ் சர்வர்: டிஸ்க் பிரிப்பதும் ரீபூட் அடிப்பதும்

எங்கோ இருக்கும் சர்வரில் டிஸ்க் பிரிக்க உட்காரும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: ரீபூட் அடித்த பிறகு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) திரும்ப வருமா? எந்த ஃபைல் சிஸ்டம், எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்பப் பங்கிடும் அடுக்கு) வேண்டுமா, ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். கண் முன்னால் இருக்கும் மெஷின் என்றால் திரையில் வந்திருக்கும் எரர் என்ன என்று படித்துவிட்டு, பென்டிரைவைச் செருகிச் சரிசெய்துவிடலாம். தொலைவில் இருப்பதில் அந்தத் திரை கிடையாது. பிங் போகவில்லை என்பது மட்டும்தான் தெரியும். பூட்லோடரான க்ரப்பே வரவில்லையா, அது ஏற்றிவிடும் கெர்னல் வந்து, சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க்கைக் காணாமல் நிற்கிறதா, இல்லை எல்லாம் ஒழுங்காக எழுந்து நெட்வொர்க் கார்டின் பெயர் மட்டும் மாறிப்போய்விட்டதா, வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பார்ட்டிஷன் போடும் கமாண்ட்கள் எங்கே தேடினாலும் கிடைக்கும். பவர் ஆன் ஆனதிலிருந்து எஸ்எஸ்எச் எழும் வரை எது எதைத் தேடுகிறது, எங்கே போய்த் தேடுகிறது என்பதைப் பார்த்துப் பார்ட்டிஷனைத் தீர்மானிப்பது எப்படி, நிஜமான ரீபூட்டுக்கு முன்பே ரெஸ்க்யூ சிஸ்டத்துக்குள் (நெட்வொர்க் வழியாக வந்து ரேமில் ஓடும் தற்காலிக லினக்ஸ்) அதை ஓட்டிப் பார்ப்பது எப்படி, இந்த இரண்டையும்தான் எழுத நினைக்கிறேன். டெபியன், உபுண்டுவை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற டிஸ்ட்ரோக்களில் கமாண்ட் பெயர்கள் கொஞ்சம் மாறும், விஷயம் அதேதான்.

முதலில் மெஷின் எப்படி பூட் ஆகிறது என்று பார்க்க வேண்டும். போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள், அதாவது ஃபர்ம்வேர், பழைய பயாஸா, புதிய யூஇஎஃப்ஐயா? ரெஸ்க்யூவில் நுழைந்ததும் சிஸ் டைரக்டரியின் ஃபர்ம்வேர் பகுதிக்குள் ஈஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ரெஸ்க்யூ யூஇஎஃப்ஐ வழியாக வந்திருக்கிறது. ஆனால் ரெஸ்க்யூ எப்படி வந்ததோ அப்படியேதான் டிஸ்க்கும் பூட் ஆகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டு முறையையும் ஏற்கும் போர்டில் நெட்வொர்க் பூட் ஒரு வழியாகவும் டிஸ்க் பூட் இன்னொரு வழியாகவும் போகலாம். அந்த செட்டிங் திரையை நம்மால் பார்க்க முடியாது. அதனால் ஊகம் செய்யவே வேண்டாம், இரண்டு வழிக்கும் இடம் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஜிபிடி என்ற புதிய வகைப் பார்ட்டிஷன் டேபிளில் அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

எம்பிஆர் என்ற பழைய வகை டேபிளை நான் இப்போது தொடுவதே இல்லை. முதல் செக்டாரின் 512 பைட்டில் பூட் கோடுக்கு 446, டேபிளுக்கு 64, கடைசி 2 பைட் முத்திரை. அந்த 64 பைட்டில் 16 பைட் வீதம் நான்கு பார்ட்டிஷன்தான் அடங்கும். செக்டார் எண்ணுக்கு 32 பிட் மட்டுமே இருப்பதால் 512 பைட் செக்டார் கணக்கில் 2 டெபிபைட்டுக்கு மேல் எட்டாது. ஜிபிடியில் வழக்கமாக 128 பார்ட்டிஷனுக்கு இடம் உண்டு, டேபிளுக்கு செக்சம் உண்டு, டிஸ்க்கின் கடைசியில் இன்னொரு பிரதியும் உண்டு. தொலைவில் இருக்கும் மெஷினுக்கு அந்தப் பிரதி பெரிய தைரியம். விர்ச்சுவல் சர்வரில் டிஸ்க்கைப் பெரிதாக்கினால் மட்டும் அந்தப் பிரதி பழைய கடைசியிலேயே, அதாவது நடுவில் நின்றுவிடும். அதைப் புதிய கடைசிக்கு நகர்த்த, ஜிபிடி டேபிளைக் கையாளும் எஸ்ஜிடிஸ்க் கமாண்டில் ஒரு ஆப்ஷன் இருக்கிறது, அதைச் செய்துவிட்டுத்தான் பார்ட்டிஷனை நீட்ட வேண்டும்.

பயாஸ் மெஷினில் ஜிபிடி போடும்போது பலர் விட்டுவிடுவது ஒரு சின்னப் பார்ட்டிஷன். எம்பிஆர் காலத்தில் க்ரப்பின் மையப் பகுதி, முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையில் கிடந்த காலி இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை, பழக்கத்தில் காலியாகக் கிடந்தது, அவ்வளவுதான். ஜிபிடியில் அதே இடத்தை டேபிளே எடுத்துக்கொள்கிறது. அதனால் க்ரப்புக்கென்று 1 மெபிபைட்டில் ஒரு பார்ட்டிஷன் போட்டு அதற்கு பயாஸ் பூட் வகையைக் கொடுக்க வேண்டும். எஸ்ஜிடிஸ்க்கில் அதன் கோட் ஈஎஃப்02. ஃபார்மேட் செய்யத் தேவையில்லை, மவுன்ட் செய்யவும் (ஃபோல்டராக இணைக்கவும்) கூடாது, க்ரப் நேரடியாக அதில் எழுதிக்கொள்ளும். அந்த வகைக்கான 16 பைட் அடையாளத்தை எழுத்துகளாகப் படித்தால் ‘ஹா! ஐ டோன்ட் நீட் ஈஎஃப்ஐ’ என்று வரும், அதை உருவாக்கியவர்களுக்கு நல்ல குறும்பு.

யூஇஎஃப்ஐ பக்கம் கதை வேறு. ஃபர்ம்வேருக்கே ஃபேட் ஃபைல் சிஸ்டம் படிக்கத் தெரியும் என்பதால் ஈஎஸ்பி என்ற ஃபேட்32 பார்ட்டிஷனில் பூட்லோடர் ஒரு சாதாரண ஃபைலாக இருந்தால் போதும். 512 மெபிபைட் தாராளம், கோட் ஈஎஃப்00. எந்த ஃபைலை ஓட்டுவது என்பது போர்டின் நினைவகத்தில் ஒரு வரியாக எழுதப்படுகிறது, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. போர்டை மாற்றினாலோ செட்டிங்கை ரீசெட் செய்தாலோ அந்த வரி போய்விடும். ரெஸ்க்யூ பயாஸ் வழியாக வந்திருந்தால் அந்த வரியை எழுதவே முடியாது. இதற்கு ஒரு மாற்று வழி தரத்திலேயே இருக்கிறது. எந்த வரியும் இல்லாதபோது ஃபர்ம்வேர் ஈஎஸ்பியில் ஈஎஃப்ஐ ஃபோல்டருக்குள் பூட் ஃபோல்டரில் பூட்எக்ஸ்64 என்ற ஃபைலைத் தேடும். க்ரப்பை நிறுவும் க்ரப்-இன்ஸ்டால் கமாண்டுக்கு ரிமூவபிள் ஆப்ஷன் கொடுத்தால் அங்கேதான் போய் உட்காரும். பெயரைப் பார்த்து பென்டிரைவுக்கு மட்டும்தான் என்று ஒதுக்கிவிடாதீர்கள், தொலைவில் இருக்கும் சர்வருக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. டெபியனில் க்ரப் பேக்கேஜை மறுபடி கான்ஃபிகர் செய்தால் அந்த இடத்திலும் ஒரு பிரதி வைக்கவா என்று கேட்கும், ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்டேட் வரும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து புதுப்பிக்கப்படும்.

போர்டு நினைவகத்தில் வரி எழுதுவதில் இன்னொரு தொந்தரவும் இருக்கிறது, இது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவரும். வாடகைக்கு வரும் சர்வர்களில் பல, நெட்வொர்க் பூட்டை முதலில் வைத்திருக்கும். அதனால்தான் கன்ட்ரோல் பேனலில் ரெஸ்க்யூ என்று அழுத்தினால் அடுத்த ரீபூட்டில் ரெஸ்க்யூ வருகிறது. க்ரப்-இன்ஸ்டால் தன் வரியைச் சேர்க்கும்போது வரிசையில் தன்னை முதலாக வைத்துக்கொள்ளும். அப்புறம் ரெஸ்க்யூ அழுத்தினாலும் மெஷின் நேராக டிஸ்க்குக்குப் போய்விடும், டிஸ்க்கில் இருப்பதோ பூட் ஆகாத சிஸ்டம், திரும்பி வர வழியே இல்லை. அதனால் வரி எழுதாதே என்ற ஆப்ஷனைக் கொடுத்து ரிமூவபிள் இடத்தை மட்டும் நம்புகிறேன், அல்லது எழுதிய கையோடு ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கமாண்ட் கொண்டு வரிசையைப் பார்த்து நெட்வொர்க்கை மறுபடி முதலில் வைத்துவிடுகிறேன்.

சரி, பார்ட்டிஷன் அமைப்புக்கு வருவோம். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் இருக்கும் சர்வர் என்றால் ஒவ்வொன்றிலும் 1 மெபிபைட் பயாஸ் பூட், 512 மெபிபைட் ஈஎஸ்பி, கெர்னல் வைக்க 1 கிபிபைட் பூட், மீதி முழுக்க ஒரே பார்ட்டிஷன். பூட் பார்ட்டிஷன்கள் இரண்டும் சேர்ந்து ஒரு ரெய்டு1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவை எழுதும் அமைப்பு), பெரியவை இரண்டும் சேர்ந்து இன்னொரு ரெய்டு1, அதன் மேல் எல்விஎம். ரூட்டுக்கு 20, 30 கிபிபைட் கொடுத்தால் தாராளம், மாறிக்கொண்டே இருக்கும் டேட்டா சேரும் வார் டைரக்டரிக்குத் தனி வால்யூம், அதற்கு மேல் மீதியை ஒதுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். இருக்கும் இடம் முழுவதையும் முதல் நாளே ரூட்டுக்குக் கொடுத்துவிடுவது தேவையில்லாத அவசரம். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டையும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம். சின்னதாக்க வேண்டுமென்றால் எக்ஸ்ட்4-ஐ அன்மவுன்ட் செய்தாக வேண்டும், ரூட் என்றால் அதற்கு மறுபடி ரெஸ்க்யூவுக்குப் போக வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அதுவும் நடைமுறையில் இல்லை, பேக்கப் எடுத்து மறுபடி போட வேண்டியதுதான்.

ஈஎஸ்பி இரண்டையும் ரெய்டில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். மெட்டாடேட்டா 1.0 போட்டால் ரெய்டின் குறிப்புகள் பார்ட்டிஷனின் கடைசிக்குப் போய்விடும், ஃபர்ம்வேர் அதைச் சாதாரண ஃபேட் என்று நினைத்துப் படித்துவிடும். வேலை செய்யும். ஆனால் ஃபர்ம்வேரோ அதிலிருந்து ஓடும் வேறு ஏதாவது கருவியோ ஒரு பிரதியில் மட்டும் எழுதிவிட்டால் ரெய்டுக்குத் தெரியாமலே இரண்டும் வேறு வேறாகிவிடும். நான் இரண்டையும் தனித்தனி ஃபேட் ஆகவே வைத்து, க்ரப் அப்டேட் ஆனதும் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குக் காப்பி செய்யும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டுவிடுகிறேன். யோசித்துப் பார்த்தால் புரிந்துகொள்ளவும் இதுதான் எளிது.

டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன் பழைய தடயங்களைத் துடைத்துவிடுங்கள். வேறு யாரோ பயன்படுத்திய டிஸ்க் என்றால் பழைய ரெய்டின் குறிப்பு டிஸ்க்கின் கடைசியில் உட்கார்ந்திருக்கலாம், புதிய பார்ட்டிஷன் டேபிள் எழுதினாலும் அது போகாது. அப்புறம் ஒரு பூட்டில் எம்டி127 என்ற பெயரில் எங்கிருந்தோ ஒரு ரெய்டு முளைத்து நம் பார்ட்டிஷனைப் பிடித்துக்கொள்ளும். முதலில் ரெஸ்க்யூ தானாகச் சேர்த்துவைத்த ரெய்டுகளை நிறுத்துங்கள், பிறகு ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் பழைய அடையாளங்களைத் துடைக்கும் வைப்எஃப்எஸ் கமாண்டை ஓட்டுங்கள், கடைசியாக டிஸ்க் முழுவதிலும். ஒரு டிஸ்க்கின் டேபிளை இன்னொன்றுக்குக் காப்பி செய்ய எஸ்ஜிடிஸ்க்கில் ரெப்ளிகேட் ஆப்ஷன் உண்டு, அதில் ஆப்ஷனை அடுத்து வருவது எழுதப்படும் டிஸ்க், கடைசியில் வருவதுதான் மூலம். வழக்கமான காப்பி கமாண்டுக்கு நேர் எதிர் வரிசை. என்டர் அடிப்பதற்கு முன் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். காப்பி ஆன பிறகு புதிய டிஸ்க்குக்குப் புது அடையாள எண்கள் கொடுக்கவும் மறக்க வேண்டாம், இல்லையென்றால் இரண்டு டிஸ்க்கும் ஒரே எண்ணோடு நிற்கும்.

சிஸ்டத்தை மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் மவுன்ட் செய்து (ரெஸ்க்யூவில் இருப்பதையே அங்கும் காட்டி) சிஎச்ரூட்டுக்குள் (புதிய சிஸ்டத்தையே ரூட்டாகக் கொண்ட ஷெல்லுக்குள்) போனதும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் க்ரப்-இன்ஸ்டால் சுலபமான பகுதி. பயாஸ் வகைக்கு டிஸ்க் ஒவ்வொன்றிலும் ஒருமுறை, யூஇஎஃப்ஐ வகைக்கு ஈஎஸ்பி ஒவ்வொன்றிலும் ஒருமுறை. டெபியனில் க்ரப்-பிசி, க்ரப்-ஈஎஃப்ஐ இரண்டு முழு பேக்கேஜும் ஒன்றாக இருக்காது, ஆனால் பின் என்று முடியும் பேக்கேஜ்கள் சேர்ந்தே இருக்கும், க்ரப்-இன்ஸ்டாலில் எந்த வகை என்று சொன்னால் அதை எடுத்துக்கொள்ளும். முதல் டிஸ்க்கில் மட்டும் க்ரப் போட்டுவிட்டு ரெய்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும் சர்வர்கள் உலகத்தில் ஏராளம். ரெய்டு டேட்டாவைக் காப்பாற்றும், முதல் செக்டாரை அது பார்ப்பதே இல்லை.

அடுத்து இனிட்ராம்எஃப்எஸ், அதாவது ரூட் கிடைக்கும் முன் கெர்னலோடு ரேமில் ஏறும் சின்ன ஃபைல் சிஸ்டம். ரூட்டை மவுன்ட் செய்யத் தேவையான டிரைவர்கள் எல்லாம் அதற்குள் இருக்க வேண்டும்: என்விஎம்ஈ (வேகமான எஸ்எஸ்டி வகை), ரெய்டு1, எல்விஎம். டெபியனின் வழக்கமான அமைப்பு பெரும்பாலான டிரைவர்களைச் சேர்த்துக்கொள்ளும். அதை உருவாக்க டிராகட் என்ற கருவியைப் பயன்படுத்தும் டிஸ்ட்ரோக்களில் எந்த மெஷினில் உருவாக்கினோமோ அந்த மெஷினுக்குத் தேவையானது மட்டும்தான் உள்ளே போகும் என்ற அமைப்பு சாதாரணம், அதனால் வேறு மெஷினிலிருந்து காப்பி செய்துகொண்டு வந்த சிஸ்டம் இங்கே டிஸ்க்கையே பார்க்காமல் நின்றுவிடும். புதிய ரெய்டின் விவரத்தை ரெய்டைக் கையாளும் எம்டிஅட்மினின் கான்ஃபிக் ஃபைலில் எழுதிவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள், பிறகு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, வேண்டிய டிரைவர் பெயர்களைத் தேடிப் பாருங்கள். இருக்கும் என்று நினைப்பதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இந்த வேலையில் ரொம்பப் பெரிது.

பூட் ஆகும்போது எதை எங்கே மவுன்ட் செய்வது என்று பட்டியலிடும் எஃப்எஸ்டேப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் சரியாக இருந்தும் சர்வரைத் தொலைப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன ஃபைலில்தான். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் கெர்னல் டிஸ்க்கைக் கண்டுபிடித்த வரிசை மட்டுமே, அடுத்த பூட்டில் மாறலாம். எல்லா வரியிலும் யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) அல்லது எல்விஎம் பெயர்தான் இருக்க வேண்டும். அது பலருக்கும் தெரியும். தெரியாதது, ஒரு வரியில் இருக்கும் டிஸ்க் வரவில்லை என்றால் சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி என்ன செய்யும் என்பது. வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும். அதற்குள் வரவில்லை என்றால் லோக்கல் ஃபைல் சிஸ்டங்கள் என்ற கட்டமே தோற்றுவிட்டதாகக் கணக்கு, மெஷின் எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். அங்கே எஸ்எஸ்எச் எழுவதில்லை. ரூட் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு கன்சோலில் நிற்கும். ரூட் அக்கவுன்ட் பூட்டப்பட்டிருந்தால் அந்தக் கன்சோலில்கூட உள்ளே போக முடியாது, அப்படியே ஒரு செய்தியைக் காட்டிக்கொண்டு இருக்கும். பேக்கப்புக்காக என்றைக்கோ சேர்த்த ஒரு மூன்றாவது டிஸ்க், அதில் முக்கியமான எதுவும் இல்லை, அது செத்துப்போனதால் முழு சர்வரும் எழாமல் போவது இப்படித்தான்.

அதனால் ரூட்டும் பூட் ஆக அவசியமானதும் தவிர மற்ற எல்லா வரியிலும் நோஃபெயில் (வராவிட்டாலும் பூட்டைத் தொடர் என்ற ஆப்ஷன்) போடுகிறேன், காத்திருக்கும் நேரத்தையும் குறைத்து எழுதுகிறேன். இதில் ஒரு பின்விளைவு உண்டு. மவுன்ட் ஆகாவிட்டாலும் மற்ற சர்வீஸ்கள் எழுந்துவிடும் என்பதால் டேட்டாபேஸ் தன் டிஸ்க் இல்லாமல் காலி ஃபோல்டரில் புதிதாகத் தொடங்கப் பார்க்கலாம். எனவே அந்த சர்வீஸின் யூனிட்டில் இந்த மவுன்ட் எனக்கு அவசியம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கூடவே மவுன்ட் செய்யும் முன் அந்தக் காலி ஃபோல்டரை சிஹெச்ஆட்டர் கமாண்ட் கொண்டு எழுத முடியாததாக ஆக்கிவிட்டால் இன்னும் நல்லது. மவுன்ட் ஆனதும் அதன் மேல் வரும் ஃபைல் சிஸ்டத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. எஸ்எஸ்எச் எழட்டும், டேட்டாபேஸ் விழுந்தே கிடக்கட்டும், உள்ளே போய்ச் சரிசெய்துகொள்ளலாம். மாற்றியதும் ஃபைண்ட்எம்என்டி கமாண்டில் வெரிஃபை ஆப்ஷன் கொடுத்து ஓட்டினால் எழுத்துப் பிழையெல்லாம் அப்போதே வெளியே வந்துவிடும்.

நெட்வொர்க் பெயர் டிஸ்க் விஷயமே இல்லை, ஆனாலும் இதோடு சேர்ந்தே வரும். ஈஎன்பி3எஸ்0 போன்ற பெயரில் இருக்கும் எண் பிசிஐ பஸ் எண். புதிதாக ஒரு என்விஎம்ஈ டிஸ்க்கைப் பொருத்தினால் பஸ் எண்கள் நகர்ந்து 3 என்பது 4 ஆகிவிடலாம். டிஸ்க் சேர்த்தார்கள், நெட்வொர்க் போனது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் கதைகளின் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். கான்ஃபிக்கை கார்டின் சொந்த எண்ணான மேக் முகவரியோடு கட்டிவிட்டால் பெயர் என்னவானாலும் கவலையில்லை. ரெஸ்க்யூவில் அதே கார்டு வெறும் ஈத்0 என்று தெரியலாம், அதை நம்பி எழுதிவிட வேண்டாம். யூடெவ்அட்மின் கமாண்டின் நெட்ஐடி சோதனை அந்தக் கார்டுக்கு என்ன பெயர் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும்.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்வதாக இருந்தால் பூட் பார்ட்டிஷனைத் தனியாக, என்கிரிப்ட் செய்யாமல் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷனான லக்ஸ்2-இல் வழக்கமாக வரும், பாஸ்வேர்டிலிருந்து சாவி உருவாக்கும் ஆர்கான்2 முறையைத் திறக்க க்ரப் 2.06-க்குத் தெரியாது, அந்தப் பிடிவாதத்தில் இறங்க வேண்டிய தேவையும் இல்லை. டிராப்பேர் என்ற சின்ன எஸ்எஸ்எச் சர்வரை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைத்துவிட்டால் ரூட் திறப்பதற்கு முன்பே உள்ளே போய்ப் பாஸ்வேர்டு கொடுக்கலாம். அதற்குத் தனிப் போர்ட் கொடுங்கள், ஏனென்றால் சர்வரை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் கீ அதற்கு வேறு, ஒரே போர்ட்டில் இரண்டும் வந்தால் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வந்து, நாளடைவில் அந்த எச்சரிக்கையையே படிக்காமல் தள்ளிவிடும் பழக்கம் வந்துவிடும்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் பகுதி. ரீபூட் அடிப்பதற்கு முன், ரெஸ்க்யூவிலேயே கியூஎமு என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளை நிறுவி, அந்த மெஷினின் நிஜ டிஸ்க்குகளையே அதற்குக் கொடுத்து பூட் செய்து பார்க்கலாம். ரெஸ்க்யூ ரேமில் ஓடுகிறது, டிஸ்க்குகள் சும்மா இருக்கின்றன, அவற்றை ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குக் கடன் கொடுக்கிறோம். க்ரப் மெனு வருகிறதா, கெர்னல் ரூட்டைக் கண்டுபிடிக்கிறதா, லாகின் வரை போகிறதா என்று எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கலாம். இல்லாமல் போன அந்தத் திரை இப்படித் திரும்பக் கிடைத்துவிடுகிறது. முதல்முறை இதைச் செய்து பார்த்த பிறகு குருட்டாம்போக்கில் ரீபூட் அடிக்க எனக்கு மனமே வரவில்லை.

செய்யும் முறை. எல்லாவற்றையும் அன்மவுன்ட் செய்யுங்கள், எல்விஎம் குரூப்பை முடக்குங்கள், ரெய்டுகளை நிறுத்துங்கள். இதில் சமரசமே கிடையாது, ஒரே ஃபைல் சிஸ்டம் இரண்டு கெர்னலில் ஒரே நேரத்தில் மவுன்ட் ஆனால் டேட்டா நாசம். பிறகு கியூஎமுவுக்கு இரண்டு டிஸ்க்கையும் ரா ஃபார்மேட் என்று சொல்லிக் கொடுங்கள், 2 ஜிபி ரேம் போதும், வேகமாக்கும் கேவிஎம் இருந்தால் அதையும். என்விஎம்ஈ டிஸ்க் என்றால் கியூஎமுவிலும் என்விஎம்ஈ சாதனமாகவே காட்டலாம், அப்போது அந்த டிரைவரும் சேர்ந்து சோதிக்கப்படும். முதலில் வழக்கமான பயாஸில் ஒருமுறை, பிறகு ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேர் கொடுத்து யூஇஎஃப்ஐயில் ஒருமுறை. இரண்டு வழிக்கும் க்ரப் போட்டோமே, அது வீண் போகவில்லை என்பது இங்கே தெரிந்துவிடும்.

திரைக்கு இரண்டு வழி. ஒன்று, விஎன்சி (திரையைத் தொலைவிலிருந்து காட்டும் முறை), லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் திறந்து எஸ்எஸ்எச் டனல் வழியாகப் பார்ப்பது. இன்னொன்று, எழுத்துகளை மட்டும் காட்டும் சீரியல் கன்சோலை டெர்மினலிலேயே பார்ப்பது, எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் சீரியல் கன்சோல் அமைப்பும் சேர்ந்து சோதனையாகிறது. க்ரப்புக்கும் கெர்னலுக்கும் அதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கெர்னல் வரியில் பல கன்சோல் எழுதலாம், செய்திகள் எல்லாவற்றுக்கும் போகும், ஆனால் கடைசியாக எழுதியதுதான் முதன்மைக் கன்சோல். நிஜ மெஷினில் ஐபிஎம்ஐ (தொலைவிலிருந்து மெஷினையே கட்டுப்படுத்தும் வசதி) இருந்தால் அதன் சீரியல் பெரும்பாலும் இரண்டாவது போர்ட்டில், டிடிஒய்எஸ்1-இல் இருக்கும், கியூஎமுவில் முதலாவது. இரண்டையும் எழுதிவைத்துவிடுவது நல்லது.

ஸ்நாப்ஷாட் ஆப்ஷனைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது விர்ச்சுவல் மெஷின் எழுதும் எதுவும் டிஸ்க்குக்குப் போகாது, தற்காலிக ஃபைலுக்குப் போகும், மூடினால் மறைந்துவிடும். இது இருந்தால்தான் அடுத்த சோதனையைத் தைரியமாகச் செய்யலாம்: முதல் டிஸ்க்கை மட்டும் கொடுத்து ஒரு பூட், இரண்டாவதை மட்டும் கொடுத்து ஒரு பூட். ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் எழுமா என்பதற்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. ஸ்நாப்ஷாட் இல்லாமல் இதைச் செய்தால் ஓடிய டிஸ்க்கில் ரெய்டு வைத்திருக்கும் மாற்ற எண்ணிக்கை முன்னால் போய்விடும், மற்றது பின்தங்கிய டிஸ்க் என்று ஒதுக்கப்படும், மறுபடி சேர்த்து சிங்க் ஆகும் வரை காத்திருக்க வேண்டியதாகும்.

கியூஎமு சொல்லாததும் உண்டு. நெட்வொர்க் கார்டு அங்கே வேறு, அதனால் மேக் முகவரியோடு கட்டிய கான்ஃபிக் அங்கே எழாமல் போவது இயல்பு. வேண்டுமானால் கியூஎமு கார்டுக்கு நிஜக் கார்டின் மேக்கையே கொடுத்துப் பார்க்கலாம். நிஜக் கார்டின் டிரைவர், அதற்கான ஃபர்ம்வேர் பேக்கேஜ், நிஜ போர்டின் பூட் வரிசை, இவை மூன்றையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். ரெஸ்க்யூவில் கார்டு எந்த டிரைவரில் ஓடுகிறது என்று பார்த்து, அதே டிரைவர் புதிய சிஸ்டத்தின் கெர்னலில் இருக்கிறதா என்று தேடினால் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

நிறுவல் முடிந்து ஓடும் சர்வரில் பிறகு கெர்னல் மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். க்ரப்-ரீபூட் கமாண்ட் அடுத்த ஒரு பூட்டுக்கு மட்டும் புதிய கெர்னலைத் தேர்ந்தெடுக்கும், அது விழுந்தால் அடுத்த முறை பழையது வரும். கெர்னல் வரியில் பேனிக்=30 என்று எழுதினால் கெர்னல் விழுந்ததும் 30 விநாடியில் தானாக ரீபூட் ஆகும், டெபியனில் இனிட்ராம்எஃப்எஸ் ரூட்டைக் காணாமல் ஷெல்லில் நிற்பதற்குப் பதிலாகவும் அதே ரீபூட்டைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் அருமையான பாதுகாப்பு. ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்த ஒரு முறை என்ற குறிப்பை க்ரப் தானே அழிக்க வேண்டும், அந்தக் குறிப்பு இருப்பது பூட் பார்ட்டிஷனில், ரெய்டு மேலோ எல்விஎம் மேலோ க்ரப்பால் எழுத முடியாது. டிஸ்க்ஃபில்டர் ரைட்ஸ் என்று தொடங்கும் எரர் செய்தி வருவது இதனால்தான். அப்போது குறிப்பு அழியாது, விழும் கெர்னலே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். இந்த வசதி உங்களுக்கு முக்கியம் என்றால் பூட் பார்ட்டிஷனை ரெய்டில் வைக்காமல் வெறும் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனாக வைத்து இரண்டாவது டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். யூஇஎஃப்ஐ மெஷின் என்றால் பூட்நெக்ஸ்ட் என்ற அதன் சொந்த வசதி இருக்கிறது, அது போர்டின் நினைவகத்தில் இருப்பதால் ரெய்டு இடைஞ்சல் இல்லை, ஃபர்ம்வேரே ஒருமுறை பயன்படுத்திவிட்டு அழித்துவிடும். எது என்றாலும் ரூட் கிடைத்த பிறகு எமர்ஜென்சி மோடில் நிற்பதை பேனிக் வரி காப்பாற்றாது, அதற்கு மேலே சொன்ன நோஃபெயில்தான்.

சர்வர் எழுந்து எஸ்எஸ்எச் வந்ததும் எல்லா டிஸ்க்கின் பார்ட்டிஷன் டேபிளையும் எஸ்ஜிடிஸ்க் கொண்டு பேக்கப் எடுத்து, யூயூஐடி பட்டியல், ரெய்டு விவரம், ஈஎஃப்ஐ பூட் வரிசை, எஃப்எஸ்டேப் எல்லாவற்றையும் சேர்த்து வேறு மெஷினுக்கு நகர்த்திவிடுங்கள். அதே சர்வரில் வைத்திருந்தால் தேவைப்படும் நேரத்தில் அதைத் திறக்க முடியாது. அந்த ஃபைலின் மேலேயே இன்னொரு வரியும் எழுதிவைத்திருக்கிறேன்: டிஸ்க் மாற்றினால் டேபிளைக் காப்பி செய்து ரெய்டில் சேர்ப்பதோடு, புதிய டிஸ்க்கிலும் ஈஎஸ்பியை நிரப்பி இரண்டு வகை க்ரப்பையும் போட வேண்டும். சிங்க் முடிந்து எல்லாம் பச்சையாகத் தெரியும் அந்த நேரத்தில்தான் இது விட்டுப்போகும், அடுத்த டிஸ்க் போகும் வரை யாருக்கும் தெரியவும் தெரியாது.